எங்கும் போகாத ஒயர்

அவளைக் குழுவில் எல்லோரும் அஸ்திவாரம் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும். "பேஸ் கிதார்தான் பாட்டுக்கு அஸ்திவாரம். இருக்கறப்ப யார் கண்ணுக்கும் தெரியாது, எடுத்துட்டா மொத்தமும் ஆடும்" என்று டிரம்ஸ்காரர் என்றோ சொல்லப்போக, அந்தப் பெயர் அவள்மேல் ஒட்டிக்கொண்டது. சில சோம்பேறிகள் அதையும் சுருக்கி 'அஸ்தி' என்பார்கள். அப்போது மட்டும் அவளுக்கு மூக்கின்மேல் கோபம் வரும். "கூப்பிட்டா முழுசா கூப்பிடு. பாதியில நிறுத்தினா என்னை எரிச்சு முடிச்ச மாதிரி இருக்கு" என்பாள்.

இந்தத் தொழிலுக்கு அவள் வந்ததே தற்செயல். இசைக்கருவிகள் விற்கும் கடையில் பில் போடும் வேலை அவளுக்கு. சுவரில் தொங்கும் கிதார்களைக் காலையில் தூசி தட்ட வேண்டும். அவற்றில் நாலே கம்பியும் நீண்ட கழுத்துமாக ஒன்று மூன்று வருடமாக விலைபோகாமல் தொங்கியது. ஆள் வராத மத்தியானங்களில் அதை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, ரேடியோவில் வரும் பாட்டுக்கு அடியில் ஓடும் கனத்த சுரங்களைத் தேடித் தேடிப் பிடிப்பாள். ஒருநாள் ஒயர் வாங்க வந்த கீபோர்டுக்காரர் இரண்டு நிமிடம் நின்று கேட்டார். "ஞாயித்துக்கிழமை ஒரு கச்சேரி இருக்கும்மா. எங்க பேஸ்காரர் கையை ஒடைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார். வர்றியா?" என்றார். போனாள். கையை உடைத்துக்கொண்டவர் திரும்பி வரவேயில்லை. இது நடந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அந்தக் கீபோர்டுக்காரர்தான் இன்றும் அவளுடைய குழுவின் தலைவர். எல்லோருக்கும் மாஸ்டர்.

அந்தக் கடை அவளுக்குக் கொடுத்தது இன்னொன்றும் உண்டு. ஷட்டரை இழுத்து மூடும்போது இடது கைச் சுண்டுவிரல் சிக்கி, எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. அந்த விரல் முழுசாக மடங்காது. மற்றவர்கள் இரண்டு விரல் மாற்றித் தொடும் சுரத்துக்கு அவள் ஒரே விரலில் வழுக்கி ஏறுவாள். கேட்பவர்களுக்கு அது ஒரு சின்ன விக்கல் மாதிரி இருக்கும். ஊனத்தை ஸ்டைலாக்கிவிட்டாள் என்று மாஸ்டர் கிண்டல் செய்வார்.

முன்பு பதினொரு பேர் ஒரு வேனில் அடைந்துகொண்டு போனார்கள். இப்போது மாஸ்டர், டிரம்ஸ்காரர், அவள், ஒரு பாடகர், ஒரு பாடகி என ஐந்து பேரும் ஒரு லேப்டாப்பும். ஊதுகிறவர்கள், வயலின்காரர்கள், கோரஸ் பாடிய அக்கா தங்கை இருவர், எல்லோரும் லேப்டாப்புக்குள் குடிபோய்விட்டார்கள். ஒத்திகை கிடையாது. "ஃபைல் அனுப்பியிருக்கேன், கேட்டுட்டு வந்துடுங்க" என்று மாஸ்டரின் செய்தி வரும். மேடையில் பெரிய ஸ்பீக்கர் பெட்டிகள் இல்லை. ஆளாளுக்குக் காதுக்குள் சின்ன இயர்போன் ஒன்றைச் செருகிக்கொள்கிறார்கள். அதில் பாட்டும் வரும், கூடவே ஒரு பெண்குரல் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக்கொண்டே வரும். குழுவில் அந்தக் குரலுக்கு டீச்சர் என்று பெயர். டீச்சர் எண்ணுகிறபடி போனால் போதும், யார் முகத்தையும் யாரும் பார்க்க வேண்டியதில்லை.

இதிலெல்லாம் அவளுக்குக் குறை ஒன்றும் இருந்ததில்லை. உண்மையைச் சொன்னால் நிம்மதிதான். இரண்டு ஆள் தூக்கும் ஆம்ப்ளிஃபயர் பெட்டியை மாடிப்படியில் இழுத்து இழுத்து இடுப்பு விட்டுப்போனவள் அவள். இப்போது கிதார் ஒன்றை முதுகில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் போய்விடலாம். அதைவிட முக்கியமாக, கொஞ்ச நாளாகத் தன் வாசிப்பு எங்கோ உயரத்துக்குப் போய்விட்டது என்று அவளுக்கே தோன்றியது. காதில் ஒவ்வொரு சுரமும் முத்து முத்தாக விழுந்தது. பிசகு என்பதே இல்லை. "இத்தனை வருஷம் கழிச்சு இப்பதாங்க என் கை பக்குவத்துக்கு வந்திருக்கு" என்று கணவரிடம் ஒரு வாரத்தில் மூன்று தடவை சொல்லியிருப்பாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவருக்கு, எதிரே இருப்பவர் சொல்வதை உடனே நம்புகிற சுபாவம். "நான்தான் அப்பவே சொன்னேனே" என்பார். அவர் அப்படிச் சொன்னதே இல்லை.

அன்று ஒரு டயர் கம்பெனியின் விற்பனையாளர் கூட்டம். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் முக்கால் மணி நேரம் பாட்டு. கண்ணாடிச் சுவரும் கம்பளமும் போட்ட அரங்கு. மேடைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு டயர் நிறுத்தியிருந்தார்கள். மூன்றாவது பாட்டின் நடுவில் அவளுடைய கிதார் வார் கொக்கியிலிருந்து கழன்றது. கிதார் சரிந்தது. அவள் இரண்டு கையாலும் அதை ஏந்திப் பிடித்தாள். கம்பியில் ஒரு விரல்கூட இல்லை.

பேஸ் நிற்கவில்லை.

காதுக்குள் அது பாட்டுக்கு முத்து முத்தாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் குழந்தையை ஏந்துகிற மாதிரி கிதாரை ஏந்திக்கொண்டு அப்படியே நின்றாள். முதலில் தோன்றியது, காதில் ஏதோ கோளாறு. அடுத்து, தனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது. எதிரே டயர் விற்பவர்கள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். டிரம்ஸ்காரர் திரும்பவில்லை. பாடகி திரும்பவில்லை. இரண்டாம் சரணம் முடிகிற இடம் வந்தது. அங்கே பேஸ் ஒரு சுரத்திலிருந்து மேலே வழுக்கி ஏறியது, சின்ன விக்கலோடு.

அது அவளுடைய சுண்டுவிரல்.

வாரை மாட்டிக்கொண்டு மிச்சப் பாட்டுகளை எப்படி முடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. விரல்கள் வேலை செய்தன, மண்டையில் ஒன்றும் ஓடவில்லை. நடுவில் ஒரு பாட்டில் வேண்டுமென்றே இரண்டு சுரத்தைத் தப்பாக அழுத்திப் பார்த்தாள். காதில் சரியாகவே கேட்டது. இத்தனை நாள் கை பக்குவப்பட்டதன் ரகசியம் இதுதானா?

நிகழ்ச்சி முடிந்ததும் தன் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனாள். அது மேடை ஓரத்தில் ஒரு கறுப்புப் பெட்டிக்குள் நுழைந்தது. பெட்டியின் மறுபக்கத்திலிருந்து எதுவும் வெளியே போகவில்லை. சவுண்டுக்காரர் குனிந்து கேபிள் சுற்றிக்கொண்டிருந்தார். அவளைவிட நாலைந்து வயது சின்னவர்.

"தம்பி, இந்த ஒயர் எங்க போகுது?"

"எங்கயும் போகலையேக்கா."

"எவ்வளவு நாளா எங்கயும் போகலை?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சுற்றிய கேபிள் கையிலிருந்து நழுவியது. "எட்டு மாசம் இருக்கும். அக்கா, உங்களுக்குத் தெரியும்னுல்ல நான் நெனச்சுட்டிருக்கேன்? மாஸ்டர் சொல்லலையா?"

"அதுல வாசிக்கிறது யாரு?"

"நீங்கதான்! ரெண்டு வருஷம் முன்னாடி அந்த ஷாப்பிங் மால் தொறப்பு விழாவுல வாசிச்சீங்களே, அன்னிக்கு ஒவ்வொருத்தர் வாசிச்சதையும் தனித்தனியா பதிஞ்சு வெச்சேன். சுத்தமா வந்திருந்துச்சு. அதான்..."

"பாட்டு முடிஞ்சு கம்பியைத் தட்டினா சத்தம் வர்றதில்லையே, அது?"

"ரெண்டு பாட்டுக்கு நடுவுல எல்லார் சத்தத்தையும் மூடி வெச்சுருவேன்க்கா. அது எல்லாருக்கும்தான்."

மாஸ்டர் வண்டியில் கீபோர்டை ஏற்றிக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் போய் நின்றாள். சண்டை போடத்தான் போனாள். ஆனால் எந்த இடத்திலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

"மாஸ்டர், என்னை எடுத்துட்டு என்னையே போட்டிருக்கீங்க."

அவருக்கு உடனே புரிந்தது. வண்டியின் பின்கதவில் உட்கார்ந்துவிட்டார். "சொல்லணும்னுதான் இருந்தேன். முதல் தடவை நேரமில்லாம போட்டது. இருபது நிமிஷத்துல மேடை ரெடியாகணும்னா எத்தனை ஒயரைச் சரிபார்க்கறது? அப்புறம் நம்மள புக் பண்ற பார்ட்டிக்காரங்களுக்கு வீடியோல கேட்ட மாதிரியே மேடையிலயும் கேக்கணும். ஒரு இழை மாறினாலும் போன் பண்றாங்க. அன்னிக்கு யாரும் ஒண்ணும் சொல்லலை. நீயும் சொல்லலை. நல்லா வாசிச்சோம்னு சிரிச்சுட்டே போனே. அப்புறம் எப்படிச் சொல்றது?"

"அப்ப நான் எதுக்கு?"

"மேடையில ஆள் நிக்கணும்மா. நாலு பேர் நின்னா குழு குறைஞ்ச மாதிரி இருக்கும். நீ நிக்கற தோரணைக்கே ஒரு மதிப்பு இருக்கு." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "நான் மட்டும் முழுசா வாசிக்கறேன்னு நெனைக்கறியா? என் இடது கை லேப்டாப்புக்குள்ள போய் வருஷம் ஒண்ணாச்சு. வலது கைதான் இங்க இருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கிற நேரமா இது என்று கோபமும் வந்தது. இரண்டும் ஒன்றையொன்று முட்டிக்கொள்ள, கிதாரை முதுகில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

வீட்டில் கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"அதுல வாசிக்கிறது நீதானே?"

"நான்தாங்க."

"உன்னை வேலையை விட்டு எடுக்கலையே?"

"எடுக்கலை."

"வாசிக்கறதும் நீ, மேடையில நிக்கறதும் நீ. அப்புறம் எதுக்குக் கோபம்?"

"கோபம்னு நான் சொன்னேனா?"

"இல்ல, பாத்திரத்தை அந்த மாதிரி வெக்கறே."

"எனக்கே தெரியலைங்க. யார் மேல கோபப்படறதுன்னு பார்த்தா, கடைசியில அது என் மேலயே வந்து நிக்குது."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "எங்க கடையிலயும் முன்னாடி நான்தான் லென்ஸ் தேய்ப்பேன். இப்ப தேய்ச்சே வருது. நான் திருகை முடுக்கித் தர்றேன். வாங்கறவங்க பிரமாதம்னு சொல்றாங்க, நான் நன்றிங்கறேன்" என்றார். அவள், அது வேறு இது வேறு என்றாள். எப்படி வேறு என்று அவர் கேட்டார். அவள் மிச்சப் பாத்திரங்களைக் கழுவப் போனாள்.

பிசியோதெரபி படிக்கிற மகளுக்கு எதையும் சோதித்துப் பார்த்தால்தான் திருப்தி. சனிக்கிழமை காலையில் அம்மாவைக் கூடத்தில் உட்காரவைத்து, அதே மூன்றாவது பாட்டை வாசிக்கச் சொல்லி போனில் பதிந்தாள். சவுண்டுக்காரரிடமிருந்து பழைய பதிவையும் வாங்கிக்கொண்டாள். இரண்டையும் எது எது என்று சொல்லாமல் போட்டுக்காட்டினாள். அப்பாவுக்கு இரண்டும் ஒன்றாகவே பட்டது. அதற்காக அவர் மன்னிப்புக் கேட்டார்.

"நீ சொல்லும்மா. எது இப்ப வாசிச்சது?"

அவள் கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் கேட்டாள். இன்னொரு முறை போடச் சொன்னாள். இரண்டிலும் அந்த வழுக்கல் இருந்தது, இரண்டிலும் அதே விக்கல். ஒன்றில் மட்டும் ஒரு துணிச்சல் இருந்தது, சுரங்கள் பயமில்லாமல் இறங்கின. மற்றது எதையோ கேட்டுக் கேட்டுப் பின்னால் நடக்கிற மாதிரி இருந்தது.

"முதல்ல போட்டியே, அதுதான் இன்னிக்கு வாசிச்சது. உயிரோட இருக்கு."

மகள் போனைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "அது பழசும்மா."

அவள் துணிக்கூடையை இழுத்து வைத்துக்கொண்டாள். துணி மடித்தாள், மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். எட்டு மாதமாக அவள் தன் பழைய வாசிப்பின் பின்னாலேயே நடந்திருக்கிறாள், அது தன் வாசிப்பு என்று நினைத்துக்கொண்டு. பின்னால் நடந்து நடந்து முன்னால் நடக்கவே மறந்துபோய்விட்டதா? இல்லை, மட்டமான போனில் பதிந்ததால் அப்படிக் கேட்கிறதா? இரண்டில் எது என்று முடிவுகட்ட முடியவில்லை.

அடுத்த நிகழ்ச்சிக்கு முன்னால் மாஸ்டருக்குப் போன் செய்தாள். "ஒரே ஒரு பாட்டு. நாலாவது பாட்டுக்கு என் ஒயரை மாட்டுங்க. அந்தப் பேஸை மூடுங்க."

"எதுக்கும்மா வம்பு?"

"எனக்குத் தெரியணும் மாஸ்டர்."

"என்ன தெரியணும்?"

"அதுவும்தான் தெரியலை."

அவர் பெருமூச்சு விட்டார். "சரி."

புதிதாகக் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் நீச்சல் குளம் திறந்தார்கள். மாலை நாலு மணி, நல்ல வெயில். குளத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் நாற்காலிகள். குழந்தைகள் தண்ணீருக்குள் குதிப்பதும் ஏறுவதுமாக இருந்தார்கள். மூன்று பாட்டுக்கு அவள் வழக்கம்போல ஊமைக் கிதாரோடு நின்றாள். நாலாவதற்கு முன்னால் சவுண்டுக்காரர் ஒயரை மாற்றிச் செருகி, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

முதல் சுரத்தை மீட்டியதும் தூக்கிவாரிப் போட்டது. எட்டு மாதமாகத் தன் சத்தத்தையே கேட்காத காது அது. கரடுமுரடாக, பெரிதாக, கம்பியில் விரல் உரசுகிற ஓசையோடு சேர்ந்து வந்தது. பயத்தில் அவள் கொஞ்சம் முந்தினாள். டிரம்ஸ்காரர் சட்டென்று திரும்பி அவளைப் பார்த்தார். ஒரு வருடத்தில் முதல் தடவையாக. அவள் முந்திய இடத்துக்கு அவரும் ஓடிவந்து சேர்ந்துகொண்டார். அது அவருக்குப் பிடித்துப்போனதா, அவளைக் காப்பாற்ற வந்தாரா என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் இருவருமாக டீச்சரை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தார்கள். காதுக்குள் டீச்சர் மூன்று என்றபோது இவர்கள் நாலில் இருந்தார்கள். லேப்டாப்பில் இருந்த வயலின்கள் ஒரு பக்கம், இவர்கள் ஒரு பக்கம். நடுவில் மாட்டிக்கொண்ட பாடகி எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிட்டார்.

மாஸ்டரின் நெற்றியில் வேர்வை வழிந்தது. இருந்தது இரண்டே வழி, பேஸை நிறுத்துவது அல்லது லேப்டாப்பை நிறுத்துவது. அவர் லேப்டாப்பில் ஒரு பொத்தானைத் தட்டினார்.

டீச்சர் வாயை மூடினாள். வயலின்கள் போயின, கோரஸ் போனது, மாஸ்டரின் இடது கையும் போனது. அவர் அவசர அவசரமாகத் தன் சொந்த இடது கையைக் கீபோர்டின் மேல் வைத்தார். அது ஒரு வருடம் கழித்து வேலைக்கு வந்தவன் மாதிரி தடுமாறியது. பாட்டு மெலிந்துபோய், எலும்பும் தோலுமாக, இருக்க வேண்டிய வேகத்தைவிடக் கூடுதலாக ஓடியது. ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு எப்படியோ கரை சேர்த்தார்கள். குழந்தைகள் குதித்துக்கொண்டேதான் இருந்தார்கள். முன்வரிசையில் ஒருவர், "கரண்டு போயிடுச்சா?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். ஐந்தாவது பாட்டுக்கு டீச்சர் திரும்பி வந்துவிட்டாள்.

நிகழ்ச்சி முடிந்து கிதாரை உறையில் போடும்போது, ஈரத் தலையோடு ஒரு பெண் குளத்தங்கரையிலிருந்து வந்தார். கையில் பிள்ளையின் துண்டு.

"அந்த நாலாவது பாட்டு மட்டும் ஏன் வேற மாதிரி இருந்துச்சு?"

அவள் உறையை விட்டு நிமிர்ந்தாள். "நல்லா இருந்துச்சுங்களா?"

அந்தப் பெண் நேர்மையாக யோசித்தார். "தெரியலையே. வேற மாதிரி இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, பிள்ளையைத் துவட்டப் போனார்.

அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்குப் புரியவில்லை. பாராட்டு என்று எடுத்துக்கொண்டால் இடித்தது, குறை என்று எடுத்துக்கொண்டாலும் இடித்தது. நிகழ்ச்சிப் பொறுப்பாளர் மாஸ்டரிடம், நடுவில் ஏதோ தொழில்நுட்பக் கோளாறு என்று கேள்விப்பட்டதாகச் சொன்னார். மாஸ்டர் அப்படியே தலையாட்டினார். வண்டியில் ஏறும்போது டிரம்ஸ்காரர் மட்டும் அவள் தோளுக்குப் பின்னால் நின்று, "முந்திட்டீங்க" என்றார். "நீங்களும் வந்தீங்களே" என்றாள். "ஆமா, வந்துட்டேன்" என்றார். அவர் முகத்தில் இருந்தது சிரிப்பா என்று அவள் வீடு போகிறவரை யோசித்தாள்.

கடைசியில் ஒரு ஏற்பாடு வந்தது. பார்ட்டிக்காரர்கள் கண்டுகொள்ளாத இடங்களில் இரண்டு பாட்டுக்கு அவளுடைய ஒயரை மாட்டுவது, மற்றதெல்லாம் பழையபடி. அதோடு அவள் இன்னொன்றும் கேட்டாள். லேப்டாப்பில் இருக்கிற பேஸைப் புதிதாகப் பதிய வேண்டும். இரண்டு வருடத்துக்கு முந்திய தன்னுடைய வாசிப்பு தனக்குப் பதிலாக வாசிப்பதை அவளால் தாங்க முடியவில்லை. வாசித்தே ஆக வேண்டும் என்றால் இப்போதைய அவள் வாசிக்கட்டும்.

சவுண்டுக்காரர் வீட்டு மாடி அறையில், வாரநாள் காலைகளில், இருபத்து மூன்று பாட்டையும் உட்கார்ந்து வாசித்தாள். ஜன்னலை மூடினால் புழுக்கம், திறந்தால் பக்கத்து வீட்டுக் கிரைண்டர். டீச்சர் இல்லாமல் பதிய வேண்டும் என்றாள், முடியாது என்றார் அவர். டிரம்ஸ் சத்தத்தைக் கூட்டி டீச்சரின் குரலைக் குறைத்துவைத்தார். ஒவ்வொரு பாட்டையும் நாலு தடவை, ஐந்து தடவை வாசித்தாள். ஒன்பதாவது பாட்டில் அவளுக்குத் திடீரென்று உறைத்தது. தன்னை மேடையில் தேவையில்லாமல் ஆக்கப்போகிற ஒன்றை, இத்தனை வருடத்தில் எதற்கும் எடுத்துக்கொள்ளாத சிரத்தையோடு செய்துகொண்டிருக்கிறாள்.

"போதும்க்கா, நல்லா வந்திருக்கு. வெச்சுக்கலாமா?" என்றார் சவுண்டுக்காரர்.

போட்டுக் கேட்டாள். துணிச்சல் கொஞ்சம் திரும்பி வந்திருக்கிற மாதிரி இருந்தது. அல்லது அப்படி நினைக்க ஆசைப்படுகிறாள். "இன்னொரு தடவை" என்றாள்.

இப்போது மாதத்துக்கு ஏழெட்டு நிகழ்ச்சி நடக்கிறது. போன வாரம் ஒரு பள்ளி ஆண்டு விழாவுக்காக விண்ணப்பம் ஒன்று வந்தது. மாஸ்டருக்குக் கண் சரியில்லாததால் நிரப்பும் வேலையை அவளிடம் கொடுத்தார். 'இசைக்கலைஞர்களின் எண்ணிக்கை' என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. ஐந்து என்று எழுதினாள். லேப்டாப்பில் இருக்கிறவளை என்ன செய்வது என்று யோசித்து ஆறு என்று திருத்தினாள். மாஸ்டரின் இடது கை ஞாபகம் வந்தது. அப்புறம் வயலின்காரர்கள், கோரஸ் பாடிய அக்கா தங்கை. அவர்கள் எல்லோரும் ஒருகாலத்தில் நேரில் வந்து வாசித்தவர்கள்தானே? பதினொன்று என்று எழுதலாமா? இல்லை, பாட்டுக்குப் பாட்டு மாறும் என்று போடுவதா? கட்டம் முழுக்க அடித்தலும் திருத்தலுமாக ஆனபின் போனை எடுத்தாள்.

"மாஸ்டர், நாம எத்தனை பேரு?"

"என்னம்மா கேள்வி இது? அஞ்சுன்னு போடு. சாப்பாடு அஞ்சு பேருக்குத்தான் வரும்."

அவள் புது விண்ணப்பத்தாள் ஒன்றை எடுத்து, ஐந்து என்று எழுதினாள்.